போடோனியின் மயிரிழை: எட்டு பாயிண்டில் காணாமல் போன எழுத்துகள்

பட்டுப்புடவைக் கடை ஒன்றுக்கு 32 பக்கத்தில் ஒரு கையேடு செய்து கொடுத்தேன். அட்டையில் கடையின் பெயர் ஆங்கிலத்தில், போடோனி எழுத்துருவில், 60 பாயிண்ட் (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு). உள்ளே ஒவ்வொரு புடவைப் படத்துக்குக் கீழேயும் நாலு வரி ஆங்கிலக் குறிப்பு, அதே போடோனியில் 8 பாயிண்ட். பின்னணி அரக்கு நிறம், எழுத்து வெள்ளை. திரையில் பார்க்க அவ்வளவு அழகு. கடைக்காரர் பார்த்துவிட்டு, “அப்படியே வோக் பத்திரிகை மாதிரி இருக்கு” என்றார். நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

அச்சாகி வந்தபோது அட்டை ஜம்மென்று இருந்தது. உள்ளே புரட்டினால் குறிப்புகளில் பாதி எழுத்தைக் காணோம். ஆங்கிலச் சின்ன ‘இ’யின் நடுக்கோடு மறைந்து, ‘இ’ எல்லாம் ‘சி’ ஆகியிருந்தது. சின்ன ‘என்’னில் இரண்டு தண்டையும் சேர்க்கும் மேல்வளைவு போய், இரண்டு குச்சி மட்டும் நின்றது. துணி துவைக்கும் முறை சொல்லும் குறிப்பில் ‘மினிமம்’ என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் அதை எழுதினால் நேர்க்குத்தான கோடுகள் மட்டும் 15 வரும். அந்த 15 கோடும் தாளில் இருந்தன. அவற்றைக் கோத்து எழுத்தாக்கும் இழை ஒன்றுகூட இல்லை. கம்பி வேலியைப் படிக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

மெஷின் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஈய எழுத்துக் காலத்தில், எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக வேலை தொடங்கியவர். தாளை வாங்கி, லூப் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “ஏம்மா, இது தலைப்புக்கு வெட்டின எழுத்து. இதப் போயி பொடியில போட்டிருக்கியே” என்றார். “ஈயத்துல எட்டுக்குத் தனி கேஸ், இருபத்துநாலுக்குத் தனி கேஸ். நீங்கதான் கம்ப்யூட்டர்ல ஒண்ணையே இழுத்து இழுத்து வெச்சுக்கிறீங்க.”

அச்சகத்தின் மேல் தப்பில்லை. அனுப்பிய ஃபைலை அப்படியே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். தப்பு எங்கே என்று தேடப் போனதில், பெரியவர் சொன்ன அந்தத் தனித்தனி கேஸில், அதாவது ஒவ்வொரு அளவு ஈய எழுத்தையும் அடுக்கி வைக்கும் பெட்டியில், போய் நின்றேன். போடோனியை வெட்டியவரே அப்படித்தான் வேலை செய்திருக்கிறார்.

எழுத்தின் முகம்

முதலில் இந்த எழுத்து எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். செரிஃப் என்பது ஆங்கில எழுத்தின் முனைகளில் வரும் சிறிய குறுக்குக்கோடு. பழைய செரிஃப் எழுத்துகளில் அந்தக் குறுக்குக்கோடு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வளைவு இருக்கும், மரக்கிளை அடிமரத்தோடு சேர்வதுபோல. போடோனியில் அந்த வளைவு ஏறக்குறைய இல்லை. தடித்த தண்டு நேராக இறங்கி வரும், அதன் காலடியில் மயிரிழை போல ஒரு கோடு படுத்திருக்கும். இடையில் சமாதானமே கிடையாது.

பெரிய ‘ஓ’வைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் கனத்த பிறை, சரியாக உச்சியிலும் அடியிலும் நூலிழை. பழைய எழுத்துருக்களில் இந்த மெலிந்த இடம் கொஞ்சம் சாய்ந்து, கடிகாரத்தின் 11 மணிக்கும் 5 மணிக்கும் நேரே விழும். போடோனியில் 12-க்கும் 6-க்கும் நேரே. சின்ன ‘ஏ’, ‘சி’, ‘ஆர்’ ஆகியவற்றின் நுனியில் பனித்துளி போல உருண்டையாக ஒரு முடிச்சு. எனக்கு இந்த எழுத்துருவில் ரொம்பப் பிடித்தது பெரிய ‘க்யூ’தான். அதன் வால் வட்டத்தின் அடிநடுவிலிருந்து நேராக இறங்கி, அப்புறம்தான் மனம் மாறி வலப்பக்கம் திரும்பும்.

இந்தத் தடிப்பும் மெலிவும் பேனாவிலிருந்து வந்தவை. பட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினால், கோடு போகும் திசையைப் பொறுத்துத் தடிமன் மாறும், மெலிந்த இடங்களும் சாய்வாகவே விழும். கூர்முனை நிப் வேறு மாதிரி. அழுத்தினால் இரண்டாகப் பிளந்து தடிக்கும், அழுத்தாவிட்டால் மெலிசாக ஓடும். நான்கு கோடு நோட்டில் நிப் பேனாவால் ஆங்கிலக் கூட்டெழுத்து பழகிய தலைமுறைக்கு இது தெரியும்: இறங்கும்போது அழுத்து, ஏறும்போது மெதுவா. போடோனியின் தடிப்பும் மெலிவும் இந்த இரண்டாவது வகைப் பேனாவின் வழியில் வந்தவை. செப்புத்தகட்டில் உளியால் கீறி எழுதிய எழுத்துகளின் சாயலும் அதில் உண்டு.

(நம் எழுத்தின் கதை வேறு. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு எந்தத் திசையில் போனாலும் ஒரே தடிமன்தான். தடிப்பு மெலிவு என்ற பேச்சு நமக்கு அச்சோடுதான் பெரிதாக வந்தது. கடைசியில் இதற்கு வருகிறேன்.)

பார்மாவின் அச்சுக்கூடம்

ஜாம்பத்தீஸ்தா போடோனி 1740-இல் வடமேற்கு இத்தாலியின் சலூட்சோ ஊரில் பிறந்தவர். அப்பாவும் அச்சுத்தொழில்காரர். 1758-இல் ரோமுக்குப் போய், கத்தோலிக்க மதப் பரப்பு சபையின் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தார். ‘பிரொபகாண்டா ஃபிடே’ என்று பெயர் பெற்ற அந்த அச்சகம், உலகமெங்கும் போகும் பாதிரிமார்களுக்காகப் பல மொழிகளில் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே குவிந்து கிடந்த பழைய கீழ்த்திசை மொழி அச்சுகளைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்தும் வேலை இளைஞன் போடோனிக்கு வந்தது. எழுத்து வெட்டும் ஆசை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

அந்த நாளில் அச்சுத்தொழிலில் பெரிய பேச்சு இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த ஜான் பாஸ்கர்வில் பற்றித்தான். 1757-இல் அவர் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் பதிப்பு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. எழுத்து கூர்மையாக இருந்தது, மை கருகருவென்று இருந்தது. தாள் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. அதுவரை தாள் செய்யும் சல்லடையின் கம்பிவரிகள் தாளில் மேடுபள்ளமாகப் பதிந்துவிடும். நெய்த சல்லடையில் செய்த தாளில் அந்த வரி கிடையாது. அச்சடித்த தாளை அவர் சூடான தகடுகளுக்கிடையில் வைத்து அழுத்தவும் செய்தார். தாள் சமமாக இருந்தால்தான் மெல்லிய கோடு முழுசாகப் பதியும். இது நம் வழக்குக்கு முக்கியமான தடயம்: மயிரிழை எழுத்து வருவதற்கு முன்னாலேயே அதைத் தாங்கும் தாள் வந்தாகிவிட்டது.

போடோனியும் இங்கிலாந்துக்குப் போகத்தான் கிளம்பினார். வழியில் சொந்த ஊரில் காய்ச்சலில் படுத்துவிட்டார். அப்புறம் 1768-இல் பார்மாவின் டியூக் ஃபெர்டினாண்டிடமிருந்து அழைப்பு வந்தது, அரசவை அச்சுக்கூடத்தை அமைத்து நடத்தச் சொல்லி. 28 வயதில் போனவர், 1813-இல் சாகும்வரை பார்மாவிலேயே இருந்துவிட்டார்.

தொடக்கத்தில் அவர் பயன்படுத்தியது பிரெஞ்சுக்காரர் ஃபூர்னியேவின் எழுத்துகள். 1771-இல் அவர் வெளியிட்ட முதல் மாதிரிப் புத்தகம் கிட்டத்தட்ட ஃபூர்னியேவைப் பார்த்து எழுதியதுதான். அதை ஒளிக்கவும் இல்லை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அலங்காரத்தைக் கழற்றினார். தண்டு தடித்தது, இழை மெலிந்தது, செரிஃப் தட்டையானது. இதே காலத்தில் பாரிசில் அச்சுத்தொழில் செய்த டிடோ குடும்பமும் இதே பாதையில் போய்க்கொண்டிருந்தது. ஃபிர்மேன் டிடோ 1784 வாக்கில் வெட்டிய எழுத்தைத்தான் இந்த வகையின் முதல் எழுத்து என்று பலரும் சொல்வார்கள். நாம் இன்றும் எழுத்தை அளக்கும் பாயிண்ட் முறையைச் சீர்செய்ததிலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற பஞ்சாயத்து இன்றுவரை முடியவில்லை. இருவருமே மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டிடோ இன்னும் விறைப்பு, போடோனியில் ஒரு இளக்கம் தெரியும்.

வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். எஃகுக் கம்பி ஒன்றின் நுனியில், நிஜ அளவிலேயே, இடவல மாற்றத்தோடு எழுத்தை வெட்ட வேண்டும். இதற்குப் பெயர் பஞ்ச். அரத்தால் ராவி, சிற்றுளியால் சீவி, நடுநடுவே விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, தாளில் ஒற்றிப் பார்ப்பார்கள். கரிப்புகையால் எடுக்கும் அந்தப் புரூஃப் மிகத் துல்லியமாக இருக்கும். திருப்தியானதும் எஃகைச் சூடுபடுத்திக் கடினமாக்கி, செப்புக்கட்டியில் ஓங்கி அடித்தால் பள்ளமாக ஒரு தாயச்சு கிடைக்கும். அந்தத் தாயச்சில் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகத்தை ஊற்றினால் எழுத்து.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 8 பாயிண்ட் எழுத்து வேண்டுமென்றால் 8 பாயிண்ட் அளவிலேயே ஒரு பஞ்ச் வெட்டியாக வேண்டும். 24 பாயிண்ட் பஞ்சைச் சுருக்க வழியே கிடையாது. ஆக, ஒவ்வொரு அளவிலும் வெட்டுகிறவரின் கண்ணும் கையும் புதிதாக முடிவெடுக்கின்றன: இங்கே இழை எவ்வளவு மெலியலாம், எழுத்து எவ்வளவு அகலமாக வேண்டும், பக்கத்து எழுத்தோடு எவ்வளவு இடைவெளி. சின்ன அளவில் இழையை அதிகம் மெலிய விட்டால் ஈயத்தில் ஒடிந்துவிடும், தேய்ந்துவிடும். அழகுணர்ச்சி இல்லாதவனைக்கூட உலோகம் ஒழுங்குபடுத்திவிடும்.

போடோனி இதில் வெறி பிடித்தவர். அவர் இறந்து 5 ஆண்டு கழித்து, 1818-இல், மனைவி மார்கெரிட்டா டல்லாலியோ முடித்து வெளியிட்ட ‘மானுவாலே திப்போகிராஃபிகோ’ என்ற இரண்டு தொகுதி மாதிரிப் புத்தகத்தில் 142 நேரெழுத்து முகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இணையான சாய்வெழுத்துகள், கிரேக்கம், ரஷ்யம், எபிரேயம், அரபி என்று பிற எழுத்துகள், ஓரச்சித்திரங்கள் எல்லாம் தனிக் கணக்கு. மிகப் பொடி அளவுக்குப் பெயர் பார்மிஜானினா, மிகப் பெரியதற்குப் பாப்பாலே, அதாவது போப்பாண்டவர் அளவு. ஒரே உடல் அளவிலேயே கொஞ்சம் அகலம், கொஞ்சம் ஒடுக்கம், கொஞ்சம் கனம் என்று பல முகங்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்து முகங்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடிக்க நமக்கே லூப் வேண்டும்.

ஆக, ‘போடோனி எழுத்துரு’ என்று ஒருமையில் சொல்வதே சரியில்லை. அவர் வெட்டியது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். அதில் பொடி எழுத்துகளை இன்று பார்த்தால், நாம் போடோனி என்று நினைக்கும் பளபளப்பு அவற்றில் அவ்வளவாக இல்லை. இழை தடிமனாக, எழுத்து அகலமாக, அடக்கமாக இருக்கின்றன. பெரிய எழுத்துகளில்தான் அவர் இழையை ஓடவிட்டார்.

அவர் புத்தகங்களின் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1791-இல் ஹொரேஸ், 1793-இல் வர்ஜில், 1808-இல் நெப்போலியனுக்குக் காணிக்கையாக்கிய மூன்று தொகுதி இலியட். பெரிய தாள், பெரிய எழுத்து, தாராளமான வரி இடைவெளி, ஏக்கர் கணக்கில் வெள்ளை ஓரம். படம் கிடையாது, பூவேலை கிடையாது. பிழை திருத்தம் மட்டும் சரியில்லை என்று டிடோ குடும்பத்தார் குறை சொன்னார்கள். படிக்க அல்ல, பார்க்கத்தான் இந்தப் புத்தகங்கள் என்ற கேலி போடோனிக்குப் புதிதல்ல. டியூக் பணம் கொடுக்கும்போது தாளை மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

142 எப்படி ஒன்றானது

19-ஆம் நூற்றாண்டில் இந்த வகை எழுத்து ஐரோப்பா முழுக்கப் பரவி, மட்டமான தாளில், நீர்த்த மையில், தேய்ந்த ஈயத்தில் அடிக்கப்பட்டு நைந்து போனது. நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் அச்சுக்கலைஞர் வில்லியம் மாரிஸ் போடோனி எழுத்தை வாய்விட்டுத் திட்டினார். அவர் கண்ணுக்கு இது படிக்கவே லாயக்கில்லாத எழுத்து. அவர் கோபத்தில் பாதி, பார்மாவில் அச்சானதைவிட, அவர் காலத்து மலிவுப் பதிப்புகள் மேல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த தலைமுறையே அதைத் தேடிப் போய் எடுத்தது. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1909-ஐ ஒட்டிச் செய்த போடோனிதான் 20-ஆம் நூற்றாண்டின் விளம்பரங்களிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் ஓடியது. 1926-இல் ஜெர்மனியின் பவுவர் நிறுவனத்துக்காக ஹைன்ரிஷ் யோஸ்ட் செய்தது இன்னும் நுணுக்கமானது. 1922-இல் ஜியோவான்னி மார்டர்ஷ்டைக் என்பவர் பார்மாவின் அசல் தாயச்சுகளிலிருந்து எழுத்து வார்க்க அனுமதி வாங்கி, ‘ஆஃபிசினா போடோனி’ என்று அச்சுக்கூடத்துக்கே பெயர் வைத்தார். பென்டனுடையது போடோனியை ரொம்பவும் கணக்காக்கிவிட்டது, அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி. பார்மாவின் அசலில் செரிஃபின் அடி லேசாகக் குழிந்திருக்கும், தண்டோடு சேரும் இடத்தில் மிகச் சின்ன இளக்கம் இருக்கும். அது கைவேலையின் மிச்சம்.

இதுவரைக்கும் உலோகம்தான், அதனால் ஒவ்வொரு அளவுக்கும் தனி எழுத்து என்ற ஏற்பாடு ஒரு மாதிரி தப்பிப் பிழைத்தது. ஒளி அச்சுக்கோப்பு வந்தபோது பெரும்பாலும் ஒரே ஒரு மூலவரைவை வைத்துக்கொண்டு லென்ஸால் பெரிதாக்கிச் சிறிதாக்கிக்கொண்டார்கள். கணினி அதையே தொடர்ந்தது. பெரியவர் சொன்ன கேஸ்கள் இங்கேதான் காணாமல் போயின.

என் கையேட்டில் நடந்ததைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 72 பாயிண்டுக்கென்று வரைந்த எழுத்தில் இழையின் தடிமன் 0.7 பாயிண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதே எழுத்தை 8 பாயிண்டுக்குச் சுருக்கினால் இழை 0.08 பாயிண்ட், அதாவது 0.03 மில்லிமீட்டருக்கும் கீழே. ஆஃப்செட் அச்சில் ஒரு கோடு நம்பிக்கையாக விழ 0.25 பாயிண்டாவது வேண்டும், ரிவர்ஸ் (நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து) என்றால் 0.5 பாயிண்ட் வை என்று அச்சகங்களில் வழக்கமாகச் சொல்வார்கள். நான் வைத்தது அதில் ஆறில் ஒரு பங்கு.

ரிவர்ஸ் என்பது இங்கே வினையை இரட்டிப்பாக்கியது. வெள்ளை எழுத்து என்றால் அங்கே மை இல்லை என்று அர்த்தம். சுற்றியிருக்கும் மை கொஞ்சம் பரவினாலும் அது எழுத்தைத்தான் தின்னும். கறுப்பு எழுத்தாக இருந்திருந்தால் அதே பரவல் இழையைக் கொஞ்சம் தடிக்க வைத்துக் காப்பாற்றியிருக்கும். அதோடு என் அரக்கு நிறம் நான்கு வண்ணக் கலவை, வண்ணத்துக்கு ஒரு பிளேட். நான்கு பிளேட்டிலும் அந்த 0.03 மில்லிமீட்டர் ஓடை சரியாக ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது பிளேட்டுகளின் பொருத்தம், 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, நல்ல அச்சகத்திலும் அது சகஜம். ஆனால் அந்த நகர்வே இழையைவிட மூன்று மடங்கு. மஞ்சள் பிளேட் விட்ட ஓடையை மெஜந்தா பிளேட் மூடிவிட்டது. லூப்பில் பார்த்தபோது ‘இ’யின் நடுக்கோடு இருந்த இடத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒரு தடம் மட்டும் தெரிந்தது.

திரையில் ஏன் நன்றாக இருந்தது? நான் 200 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். இதைவிட அசட்டுத்தனமான காரணம் கிடையாது, ஆனால் அதுதான் காரணம்.

எங்கே வாழ்கிறது

போடோனியையும் டிடோவையும் ஃபேஷன் பத்திரிகைகளின் எழுத்தாகவே இன்று எல்லோருக்கும் தெரியும். வோக் இதழின் பெயர் டிடோ வகை எழுத்தில் இருக்கிறது. ஹார்ப்பர்ஸ் பஜாரில் 1934-இலிருந்து 1958 வரை கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி புரோடோவிச், பெரிய புகைப்படம், நிறைய வெள்ளை, நடுவில் கொஞ்சமாய் இந்த எழுத்து என்று ஒரு பக்க அமைப்பைப் பழக்கப்படுத்தினார். பெண்மை, நளினம், ஆடம்பரம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். வழுவழுப்பான ஆர்ட் பேப்பர், பெரிய எழுத்து, நல்ல மை, வீணாக்க நிறைய வெள்ளை இடம்: பார்மாவின் டியூக் கொடுத்த வசதிகளை 20-ஆம் நூற்றாண்டில் அப்படியே கொடுக்க முடிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்காரர்கள்தான். எழுத்து தனக்கு ஏற்ற வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடம்பரம் என்ற அர்த்தம் அதன்பின் ஒட்டிக்கொண்டது. இப்போது வாசனைத் திரவியப் புட்டியிலும் உதட்டுச்சாயப் பெட்டியிலும் அந்த அர்த்தத்தை நம்பியே இதைப் போடுகிறார்கள்.

1992-இல் ஹார்ப்பர்ஸ் பஜாரைப் புதுப்பித்தபோது, கலை இயக்குநர் ஃபேபியன் பரோனுக்காக ஜொனாதன் ஹோஃப்லர் ஒரு டிடோ செய்தார். அதை எந்த அளவில் போட்டாலும் இழை ஒரே மெல்லிசாக இருக்க வேண்டும் என்பது தேவை. அதற்காக ஹோஃப்லர் 6 பாயிண்டிலிருந்து 96 பாயிண்ட் வரை ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தார். கணினியில் கேஸ்கள் திரும்பி வந்தன. அதே நேரத்தில் ஐ.டி.சி. என்ற எழுத்துரு நிறுவனத்தின் குழு, சம்னர் ஸ்டோன் தலைமையில் பார்மாவுக்கே போய், அங்கே போடோனி அருங்காட்சியகத்தில் உள்ள அசல் பஞ்சுகளையும் மானுவாலேயையும் பார்த்து வேலை செய்தது. 1994-இல் வெளிவந்த ஐ.டி.சி. போடோனியில் மூன்று வெட்டுகள்: 6, 12, 72. ஆப்பிள் கணினிகளில் இருக்கும் ‘போடோனி 72’ இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பெயரிலேயே 72 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஏதோ மாடல் நம்பர் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஃபேஷனுக்கு வெளியேயும் இதற்கு வாழ்க்கை உண்டு. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் தலைப்பு எழுத்து போடோனி வழி வந்தது. மேத்யூ கார்ட்டர் அதைச் செய்தித்தாள் அச்சுக்கு ஏற்றபடி திருத்தி வரைந்ததற்கு ‘போஸ்டோனி’ என்று பெயர். சௌன்சி கிரிஃபித் 1929-இல் செய்த ‘போஸ்டர் போடோனி’ நேர் எதிர்ப் பக்கம் போய், தண்டை மட்டும் பூதாகரமாக வீங்க வைத்தது. நியூயார்க்கில் வேலை செய்த இத்தாலிய வடிவமைப்பாளர் மாசிமோ விக்னெல்லி, வாழ்நாள் முழுக்க ஐந்தாறு எழுத்துருவே போதும் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்தக் குட்டிப் பட்டியலில் போடோனிக்கு இடம் இருந்தது.

ஆகாத இடங்களும் உண்டு: நாவலின் உள்பக்கம், மருந்துச் சீட்டு, சாலைப் பலகை, செல்போன் செயலியின் பட்டன். தண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் வரிசைகட்டி நிற்பதால், நீண்ட உரையில் கண் ஜிகுஜிகுவென்று கூசும். ஒரு பாராவைத் தாண்டியதும் எனக்குத் தலைவலியே வந்துவிடும்.

திருத்தி அடித்தது

இரண்டாம் அச்சுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். அட்டையைத் தொடவில்லை, அது சரியாகத்தான் இருந்தது. உள்ளே குறிப்புகளுக்கு ‘போடோனி மோடா’வை எடுத்தேன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பது. ஒரே ஃபைலில் வடிவத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வேரியபிள் எழுத்துரு, அதில் 6-லிருந்து 96 வரை அளவுக்கேற்ற வெட்டு என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. ஸ்லைடரை 96-லிருந்து 6-க்கு இழுக்கும்போது திரையில் எழுத்தைப் பார்க்க வேண்டும். இழை தடிக்கிறது, எழுத்து அகலமாகிறது, சின்ன எழுத்துகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்கின்றன, இடைவெளி விடுகிறது. பார்மாவில் பஞ்ச் பஞ்சாக வெட்டிய முடிவுகள் ஒரு விரல் அசைவில் ஓடுகின்றன. இணையப் பக்கத்தில் போட்டால் பிரௌசரே எழுத்தின் அளவைப் பார்த்து இதைத் தேர்ந்துகொள்ளும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் இந்த வசதி கிடையாது, அங்கே வேலை செய்கிறவர்கள் சின்ன அளவுக்கான தனி ஃபைலைத் தேடி நிறுவிக்கொள்ள வேண்டும்.

6-இன் வெட்டில் எழுத்தை வைத்து, அளவை எட்டரை பாயிண்ட் ஆக்கி, கனத்தை ஒரு படி கூட்டினேன். பாதிக் குறிப்புகளை வெள்ளையிலிருந்து மாற்றி, வெளிர் பின்னணியில் கறுப்பாகப் போட்டேன். மீதிப் பக்கங்களில் அரக்கு நிறத்தை நான்கு வண்ணத்தில் கலக்காமல், தனி மையாக ஒரே பிளேட்டில் அடிக்கச் சொன்னேன். ஒரே பிளேட் என்றால் ரெஜிஸ்ட்ரேஷன் என்ற பேச்சே இல்லை. பிளேட் செலவும் மெஷின் கழுவும் செலவும் கூடியது. அது என் கணக்கில்.

தமிழ்க் குறிப்புகள் தனிப் பிரச்சினை. முதல் அச்சில் பக்கத்தில் இருந்தது ஒரே தடிமனுள்ள தமிழ் எழுத்து, ஆங்கிலத்தின் பக்கத்தில் அது கட்டைவிரலால் அமுக்கிய மாதிரி இருந்தது. தடிப்பு மெலிவு உள்ள நோட்டோ செரிஃப் தமிழுக்கு மாற்றினேன். ஆனால் தமிழில் ‘ணை’, ‘ழ’, ‘ஞ’ என்று சுழியும் மடிப்புமாக வரும் எழுத்துகள் அதிகம், இழை போனால் சுழியே அடைத்துக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்தின் தண்டோடு தமிழின் தண்டைப் பொருத்தப் பார்க்காமல், இழையோடு இழையைப் பொருத்தினேன். தமிழ் ஒரு படி கனமாகத் தெரிகிறது, தெரியட்டும்.

அடித்த முதல் தாளைப் பெரியவர்தான் லூப்பில் பார்த்தார். ‘மினிமம்’ இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். “இப்ப கோத்துக்கிச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கடைக்காரரிடம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் புரட்டினார். எழுத்தை மாற்றியதை நானாகச் சொல்லவில்லை, கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “பேப்பர் மாத்திட்டீங்களா மேடம்?” என்றார்.